வெளியே வந்தால் விட்டுவிடும் தலைவலி

கடைசி ஐந்தாறு வருஷங்களாக டார்ச் அக்கா பார்த்த படங்களுக்கெல்லாம் முடிவே கிடையாது. கதாநாயகனும் கதாநாயகியும் எப்படிச் சந்தித்தார்கள், எதற்காகச் சண்டை போட்டுப் பிரிந்தார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அப்புறம் சேர்ந்தார்களா, வில்லன் என்ன ஆனான் என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவாள். இடைவேளை முடிந்து விளக்கை அணைத்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் இடது புருவத்துக்கு மேலே ஒரு வலி வந்து உட்கார்ந்துகொள்ளும். எழுந்து வெளியே போய்விடுவாள். மறுநாள் பாப்கார்ன் கடைப் பெண்ணிடம்தான் மிச்சக் கதையைக் கேட்டுக்கொள்வது.

அந்தத் தியேட்டரில் வாசலில் நின்று டிக்கெட் கிழிப்பதும், தாமதமாக வருகிறவர்களை டார்ச் அடித்து இருக்கையில் கொண்டுபோய் உட்கார வைப்பதும் அவள் வேலை. அதனால் வந்த பெயர்தான். வயதில் மூத்தவர்கள்கூட ‘டார்ச் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். வேலையில் கெட்டிக்காரி. அவள் அடிக்கும் வெளிச்சம் யார் முகத்திலும் படாது, வருகிறவரின் காலுக்கு ஒரு அடி முன்னால் வழுக்கிக்கொண்டு போகும். அடுத்தவர் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறவர்களிடம் அவள் சண்டையே போட மாட்டாள். டார்ச்சை அவர் மடியில் இருக்கும் டிக்கெட்டின் மேல் மட்டும் அடித்துவிட்டுப் பேசாமல் நிற்பாள். முன்வரிசை பின்வரிசை எல்லாம் திரும்பிப் பார்க்கும். ஆள் தானாக எழுந்துவிடுவார்.

அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் அவளுடைய அண்ணன். மாடி அறையில் படம் ஓட்டுகிற ஆபரேட்டர். அறைக்குள் எப்போதும் பளிச்சென்று விளக்கு எரியும், ஃபேன் சுற்றும், மேஜைமேல் ஃபிளாஸ்கில் டீ இருக்கும். தங்கைக்கு ஐம்பது வயது நெருங்கியும் அவருக்கு அவள் இன்னும் ‘பாப்பா’தான். அவளைக் கட்டிக்கொண்டவரும் அதே தியேட்டரில் கிடைத்தவர். கிழிந்துபோன இருக்கைகளுக்குப் பஞ்சு அடைத்து உறை தைக்க வந்தார், தைத்து முடிக்கப் பல மாதம் ஆனது, தையலில் ஒரு கண்ணும் டார்ச்சில் ஒரு கண்ணுமாக இருந்ததால்தான் அவ்வளவு தாமதம் என்று அண்ணன் இன்றைக்கும் சொல்வார். எல்லோரும் அவரைச் சீட்டுக்காரர் என்பார்கள். புதிதாகக் கேட்கிறவர்கள் சீட்டாடுகிற ஆள் என்று நினைத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி நிற்பார்கள்.

வலி எப்போது தொடங்கியது என்று அவளுக்கே சரியாக நினைவில்லை. முதலில் மாதத்துக்கு ஒருமுறை வந்தது, பிறகு வாரத்துக்கு ஒருமுறை. புருவத்துக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்துவது போல இருக்கும். வயிற்றைப் புரட்டும். வெளியே வராந்தாவில் வெயில் விழுகிற பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் மெல்ல மெல்ல விட்டுவிடும். வீட்டுக்கு ஓடிப்போய்ப் படுத்துத் தூங்கினாலும் விட்டுவிடும். மகள் பள்ளிக்கூடத்தில் படித்த நாட்களில், அம்மா செருப்பைக் கழற்றுகிற சத்தத்தை வைத்தே வலியா இல்லையா என்று கண்டுபிடித்து, டிவியின் சத்தத்தைக் குறைத்துவிடுவாள்.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. தைலம் தேய்த்தாள். மாத்திரை போட்டாள். கண்ணாடிக் கடைக்காரர் கிட்டத்தில் இருப்பதைப் படிக்க ஒரு கண்ணாடி மாட்டிவிட்டார். வாந்தி வருகிறது என்றதால் இன்னொருவர் வயிற்றுக்கு மருந்து கொடுத்தார். எல்லாமே கேட்பது போலத்தான் இருந்தது. ஏனென்றால் எதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும் வெளியே வந்தால் அந்த வலி விட்டுவிடும்.

அதுதான் வம்பாகிப் போனது.

அண்ணனின் அறையில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. அதன் வழியே பார்த்தால் கீழே வாசல் திரைச்சீலைப் பக்கம் அவள் உட்காரும் ஸ்டூல் தெரியும். ஸ்டூல் காலியாக இருந்தால் அவருக்கு மூக்குமேல் கோபம் வரும். கீழே இறங்கி வந்து பார்த்தால், தங்கை வராந்தாவில் பாப்கார்ன் கடைப் பெண்ணோடு சிரித்துப் பேசிக்கொண்டிருப்பாள்.

“சின்னப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம்னா வயித்துவலி. உனக்கு ரெண்டாம் பாதின்னா தலைவலி. என்ன பாப்பா, மேனேஜர் கேட்டா நான் என்ன சொல்றது?”

“இப்பதான் அண்ணே விட்டுச்சு. உள்ள இருந்தப்ப உயிர் போச்சு.”

“அது எப்படி, உள்ள இருந்தா போற உயிரு வெளிய வந்தா திரும்பி வருது?”

அண்ணியோ அவரையும் மிஞ்சியவள். “அந்தத் தலைவலிகூட டிக்கெட் வாங்கிட்டுத்தான் உள்ள வருது போல. படம் விட்டா அதுவும் கிளம்பிடுது” என்பாள். வீடே சிரிக்கும். அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் சொல்லிச் சொல்லி அம்மியும் நகரும் அல்லவா? அவளுக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை இருட்டில் உட்கார்ந்திருக்கச் சலித்துப்போய், மனசுதான் தலைவலி என்று ஒரு கதை கட்டுகிறதோ? பல் வலித்தால் பல்லைக் காட்டலாம், கால் வீங்கினால் காலைக் காட்டலாம். இதற்கு எதைக் காட்டுவது? வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து காட்டுவதற்குள் காணாமல் போகிற வலியை யாரிடம் போய்ச் சொல்வது?

சீட்டுக்காரர் மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டார். நம்பினார் என்றும் இல்லை, நம்பவில்லை என்றும் இல்லை. அவள் ஸ்டூலை விட்டு எழுந்தால் தைத்துக்கொண்டிருக்கும் ஊசியை உறையில் குத்தி வைத்துவிட்டு, அவளுக்குப் பதிலாகக் கொஞ்ச நேரம் டார்ச்சோடு நிற்பார். அவருக்கு டார்ச் பிடிக்கவே தெரியாது. வருகிறவர்களின் கண்ணில் அடிப்பார், வசவு வாங்குவார்.

இப்படி இருக்கையில் ஒருநாள் அவளுக்குச் சளி பிடித்தது. மூக்கு ஒழுகிக்கொண்டு டிக்கெட் கிழிப்பது நன்றாகவா இருக்கும் என்று மருந்துக் கடையில் ஒரு சளி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு பகல் காட்சிக்கு வந்தாள். மூக்கு ஒழுகுவது நின்றுவிட்டது. அன்றைக்கு நீளமான படம், நல்ல கூட்டம். முதல்நாள்தான் மேனேஜர் எதிரிலேயே அண்ணன், “நாளைக்காவது கடைசி வரைக்கும் உள்ள இருப்பியா?” என்று கேட்டிருந்தார். மேனேஜர் மீசையைத் தடவிக்கொண்டு போய்விட்டார். அதுவே அவளுக்குச் சுருக்கென்று தைத்திருந்தது. என்ன ஆனாலும் சரி, இன்றைக்கு ஸ்டூலை விட்டு எழுந்திருப்பதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

வலி வழக்கம் போல வந்தது. வழக்கம் போலப் புருவத்தோடு நிற்கவில்லை. இடது கண்ணுக்குள்ளேயே இறங்கியது. வாசல் விளக்கைச் சுற்றி வானவில் போல வளையங்கள் தெரிந்தன. அது அவளுக்குப் பழகியதுதான். கண்ணாடியில் தூசி என்று நினைத்திருந்தாள், பார்க்க அழகாகவும் இருந்ததால் யாரிடமும் சொன்னதில்லை. இந்த முறை வளையமும் மங்கி, கொதிக்கிற பாத்திரத்தின் மூடியில் ஆவி படிந்தது போலத் திரை முழுக்கப் புகைந்தது. எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தவள் வராந்தாவிலேயே வாந்தி எடுத்தாள். வெயிலில் உட்கார்ந்தாள். விடவில்லை.

அண்ணன் தடதடவென்று படியிறங்கி வந்தார். “மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா...” என்று தொடங்கியவர் அவள் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். இடது கண் இரத்தமாகச் சிவந்து கிடந்தது.

சீட்டுக்காரர் கையில் இருந்த கத்தரிக்கோலோடு ஓடிவந்தார். ஆட்டோவில் ஏறி, ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போதுதான் கத்தரிக்கோல் இன்னும் கையில் இருப்பதைப் பார்த்தார். வாந்தி என்று கேட்டதும் அங்கே வயிற்றைத்தான் முதலில் அமுக்கிப் பார்த்தார்கள். நல்லவேளையாக, பணியில் இருந்த இளம் டாக்டர் அவள் கண்ணை மூடச் சொல்லி, இமைமேல் இரண்டு விரலை வைத்து மெல்ல அழுத்திப் பார்த்தார். வலது கண் பழம் போல இருந்தது. இடது கண் கூழாங்கல். உடனே எதிர்த் தெருவிலிருந்த கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்.

அங்கே சொட்டு மருந்து மாற்றி மாற்றி விட்டார்கள், கையில் ஊசி ஏற்றினார்கள், ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அந்த மாத்திரைக்கு விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்வது போல இருந்தது. வெளியே பொழுது சாய்வதற்குள் வலி இறங்கிவிட்டது. அவளுக்கு அழுகை வந்தது. வலித்தபோது வராத அழுகை.

மறுநாள் காலை கண் டாக்டரம்மா அவளைக் கருவியின் முன்னால் உட்கார வைத்தார். மரத்துப்போகச் சொட்டு விட்டு, உள்ளே குட்டிக் கண்ணாடிகள் பதித்த ஒரு வில்லையைக் கண்மேலேயே வைத்து, அதைச் சுற்றிச் சுற்றித் திருப்பிப் பார்த்தார். வலது கண்ணையும் அப்படியே பார்த்தார். பின்னால் சீட்டுக்காரரும் அண்ணனும் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்கள்.

“இதுக்கு முன்னாடி இப்படி வலி வந்திருக்காம்மா?”

“வரும்.”

“எப்ப வரும்? இருட்டுல இருக்கும்போதா?”

“என் வேலையே இருட்டுலதாங்க.”

“விளக்கைச் சுத்தி வளையம் தெரியுமா?”

தலையாட்டினாள்.

“வெளிச்சத்துக்கு வந்தா சரியாயிடுமா?”

இத்தனை வருஷமாக அவளைப் பொய்க்காரி ஆக்கிய கேள்வி அதுதான். ஆமாம் என்றால் இந்த டாக்டரம்மாவும் சிரிப்பார், மாத்திரையை எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அண்ணன் வேறு பின்னால் நிற்கிறார்.

“இல்லைங்க” என்றாள். “வெளிய வந்தாலும் அப்படியேதான் இருக்கும்.”

“சரியாயிடும் டாக்டர்” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சீட்டுக்காரர். “வெயில்ல வந்து உக்காந்தா விட்டுடும். தூங்கினாலும் விட்டுடும். எத்தனையோ தடவை நான் பார்த்திருக்கேன்.”

அவள் திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தாள். கூட இருந்தே குழி பறித்துவிட்டாரே மனுஷன் என்று வயிறு எரிந்தது.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். “அதைத்தான் கேட்டேன். இந்த நோயோட அடையாளமே அதுதாம்மா. இதை ஏன் மறைக்கிறீங்க?”

டாக்டரம்மா மேஜைமேல் இருந்த பெரிய பிளாஸ்டிக் கண்ணைப் பிரித்துக் காட்டினார். கண்ணுக்கு முன்னால் கடிகாரக் கண்ணாடி மாதிரி ஒரு படலம். அதற்குப் பின்னால் நிறமுள்ள ஒரு திரை. திரையும் படலமும் சந்திக்கிற இடத்தில் சுற்றிலும் ஒரு மூலை, அந்த மூலையில் சல்லடை மாதிரி ஒரு வலை. கண்ணுக்குள் எப்போதும் தண்ணீர் போல ஒன்று ஊறிக்கொண்டே இருக்கும். அது திரைக்குப் பின்னால் ஊறி, நடுவில் இருக்கிற ஓட்டை வழியாக முன்னால் வந்து, மூலைச் சல்லடை வழியாக வடிந்து வெளியேற வேண்டும்.

“சில பேருக்கு அந்த மூலை அகலமா இருக்கும், சல்லடைதான் அடைச்சுக்கும். அவங்களுக்கு வலியே தெரியாது, பார்வை போன பிறகுதான் தெரியும். உங்களுக்குச் சல்லடை நல்லாத்தான் இருக்கு. ஆனா கண்ணு சின்னது, மூலை ரொம்பக் குறுகல். இருட்டுல என்னாகும்னா, கண்ணுல இருக்கிற பாப்பா பெரிசாகும்...”

“பாப்பாவா?” என்றார் அண்ணன், திடுக்கிட்டு.

“கண்ணு பாப்பா. அந்த நடு ஓட்டை. அது பெரிசாகும்போது திரை சுருங்கி ஓரமாப் போகும். பின்னாடி தேங்குற தண்ணியும் திரையை முன்னாடி தள்ளும். ரெண்டும் சேர்ந்து மூலையை அடைச்சிடும். வடிகால் இல்லாம அழுத்தம் ஏறும், வலிக்கும். வெளிச்சத்துக்கு வந்தா பாப்பா சின்னதாகும், மூலை திறக்கும், வலி போயிடும். தூங்கும்போதும் அப்படித்தான். நேத்து சளி மாத்திரை போட்டதாச் சொன்னீங்களே, அதுவும் பாப்பாவைப் பெரிசாக்கும். அதான் அடைச்சது திறக்கவே இல்ல.”

டார்ச் அக்கா பிளாஸ்டிக் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். நோய் என்று கேட்டுப் பயம்தானே வர வேண்டும்? அவளுக்கோ யாரோ முதுகிலிருந்து மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தது. நிஜமாகவே வலித்திருக்கிறது. வலித்த இடம் இதோ, விரலை வைத்துக் காட்டுகிற மாதிரி இருக்கிறது.

“இதுக்கு என்னங்க செய்வீங்க?”

“லேசர்ல திரையோட ஓரத்துல ஊசிமுனை அளவு ஒரு துளை போடுவோம். நடுவுல வழி அடைச்சாலும் தண்ணி அது வழியா வந்துடும், திரை முன்னாடி உப்பாது.”

“அப்ப எமர்ஜென்சி கதவு வைக்கப் போறீங்க.”

டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். சீட்டுக்காரரும் சிரித்தார். அண்ணன் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டு கண்ணுக்கும் தனித்தனி நாளில் லேசர் நடந்தது. சுண்டிவிட்டது போலச் சில குத்துகள், அவ்வளவுதான். இத்தனை வருஷ ரகளைக்கு இவ்வளவுதானா வைத்தியம் என்று அவளுக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. முழுக்க நஷ்டமில்லாமல் தப்பித்தாள் என்று சொல்ல முடியாது. இடது கண்ணில், மூக்குப் பக்கமாக ஒரு துண்டுப் பார்வை போய்விட்டது, அது திரும்பாது. இரண்டு கண்ணும் திறந்திருந்தால் தெரியாது. வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால்தான், அந்த இடத்தில் ஒன்றுமே இல்லாதது தெரியும். இன்னும் முன்னாலேயே வந்திருந்தால் அதுவும் தப்பியிருக்கும் என்று டாக்டரம்மா சொன்னபோது, அண்ணன் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார்.

இனி இருட்டில் வேலை பார்க்கலாமா என்று மேனேஜர்தான் முதலில் கேட்டனுப்பினார். டிக்கெட் கொடுக்கிற அறையில் வெளிச்சமாக இடம் இருக்கிறது, வேண்டுமானால் மாறிக்கொள்ளட்டும் என்றார். டாக்டரம்மா அவளைத் திரும்பவும் வில்லை வைத்துப் பார்த்து, மூலை திறந்திருக்கிறது, தாராளமாகப் போகலாம், சோதனைக்கு மட்டும் தவறாமல் வர வேண்டும் என்றார். அவள் தன் ஸ்டூலுக்கே திரும்பினாள்.

முதல் நாள் பயம் இருந்தது. இடைவேளை முடிந்து விளக்கு அணைந்ததும் புருவத்தில் கை தானாகப் போயிற்று. ஒன்றும் வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். வரவில்லை. வாசல் விளக்கு வெறும் விளக்காக எரிந்துகொண்டிருந்தது, சுற்றி வளையமில்லை. பிறகு படத்தில் மூழ்கிவிட்டாள். கதாநாயகியின் தகப்பன் மனம் மாறி அழுகிற இடத்தில் இவளும் அழுதாள். படம் முடிந்து விளக்கு எரிந்ததும் பாப்கார்ன் கடைப் பெண்ணிடம் ஓடி, “கடைசில எல்லாரும் சேர்ந்துட்டாங்க!” என்றாள். “அது எல்லாப் படத்துலயும் அப்படித்தான் அக்கா” என்றாள் அந்தப் பெண்.

இனிமேல்தான் அண்ணனின் கதை. கூடப் பிறந்தவர்களுக்கும் இந்தக் குறுகல் மூலை இருக்க வாய்ப்பு உண்டு, கட்டாயம் பார்க்க வேண்டும், மகளுக்கும் வயது நாற்பதைத் தொடும்போது பார்க்கலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். கூடப் பிறந்தவர் ஒரே ஒருவர்தான். அன்றைக்கே எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“எனக்குத் தலைவலியே வந்ததில்லையே!”

“வலி வராமலும் மூலை குறுகலா இருக்கலாம். நீங்க வெளிச்சமான அறையில உக்காந்து வேலை பார்க்கிறவர்” என்றார் டாக்டரம்மா, அவர் வேலையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு.

அதற்குப் பிறகு அண்ணன் சொன்ன சாக்குகளை எழுதினால் ஒரு படத்துக்கு வசனம் தேறும். புரொஜெக்டர் கோளாறு, புதுப் படம் வருகிறது, முட்டி வலி, மழை வரும் போலிருக்கிறது. ஒரு வாரம் நிஜமாகவே வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டார். கண்ணைத் தொடுவார்கள் என்ற நினைப்பே அவருக்கு ஆகாது. கடைசியில் அண்ணிதான் ஒருநாள் காலையில் அவருடைய செருப்பை எடுத்து வாசலில் நேராக வைத்துவிட்டு, “நீங்களா வரீங்களா, இல்ல உங்க தங்கச்சியை விட்டு டார்ச் அடிச்சுக் கூட்டிட்டுப் போகச் சொல்லட்டுமா?” என்றாள்.

தங்கையும்தான் கூடப் போனாள். வில்லை வைப்பதற்குள் மூன்று பேர் அவர் தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவருக்கும் குறுகல்தான். இரண்டு கண்ணிலும். நல்லவேளை, பார்வை ஒரு துளியும் போகவில்லை. லேசர் முடிந்து வெளியே வந்து பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கைக்குட்டையை மடித்து மடித்துப் பிரித்தார்.

“எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும் பாப்பா.”

“உனக்கு எப்படி அண்ணே தெரியும்? எனக்கே தெரியலையே.”

“தெரியலைன்னா சும்மா இருந்திருக்கலாம். பேசிட்டேனே.”

அவள் அதை மறுக்கவில்லை. பேசியது பேசியதுதான். “சரி விடு” என்றாள். “டீ குடிப்பியா?” அவர் தலையாட்டினார். இரண்டு பேரும் எழுந்து போனார்கள்.

அதற்கப்புறம் தியேட்டரில் அவர் தொல்லை தாங்கவில்லை. துப்புரவு வேலைக்கு வருகிறவர் தலையில் கை வைத்தால் போதும், மேலேயிருந்து இறங்கி வந்து, “இருட்டுலயா, வெளிச்சத்துலயா? வளையம் தெரியுதா?” என்று விசாரணை. மேனேஜரையே கண்ணைச் சோதிக்க அனுப்பிவிட்டார். மேனேஜருக்கு ஒன்றுமில்லை, தூக்கம் மட்டும்தான் போதவில்லையாம். பாப்கார்ன் கடையில் நின்று, சல்லடை, மூலை, துளை என்று கையை ஆட்டி அவர் விளக்குகிறபோது பாதி தப்பும் தவறுமாக இருக்கும். டார்ச் அக்கா திருத்த மாட்டாள். யாராவது ஒருவர் பயந்துபோய்க் கண்ணைக் காட்டினால் சரிதானே.

இடது கண்ணுக்கு மட்டும் அழுத்தம் கூடாமலிருக்கத் தினமும் ஒரு சொட்டு மருந்து விட வேண்டும். சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிவிட்டு அவள் நாற்காலியில் தலையைச் சாய்த்துக்கொள்வாள். சீட்டுக்காரர் விளக்கடியில் நின்று குறி பார்ப்பார். ஊசியில் நூல் கோக்கிற கைக்கு, இதில் மட்டும் குறி தப்பும். முதல் சொட்டு எப்போதும் கன்னத்தில்தான் விழும்.

“கன்னத்துக்கும் அழுத்தம் இருக்குன்னு டாக்டர் சொன்னாங்களா?” என்பாள் அவள்.

“அசையாம இரும்மா” என்பார் அவர், நாக்கைத் துருத்திக்கொண்டு, மறுபடியும் குனிந்து.